பதினொண்ணுல நின்ன பெரட்டு

தம்பி, டேய் தம்பி, அக்கா ஒன் கம்ப்யூட்டர் முன்னாலதான் இருக்கேன். ஒக்காரவும் முடியல, எந்திரிச்சுப் போகவும் முடியல.

ஈப்போவுல டிவி ரிப்பேர் கடையில வேலை செஞ்சப்ப பழசா இதைக் கொண்டாந்து நம்ம டிவியில மாட்டுனே. தோட்டத்தை வித்ததும் ஆயர் தாவார், பாகான் செராய்னு செதறிப்போன நம்ம லயத்து வீட்டுப் பிள்ளைங்க, ஒன்னோட சேர்த்துப் பன்னெண்டு பேரு. கோயில் திருவிழாவுக்கு யார் யார் வாராங்கன்னு பேர் கூப்பிட்டுக் கேட்கிற புரோகிராம் எழுதுனே. காலையில தோட்டத்துல ஆள் எண்ணுற மாதிரி இருக்குன்னு பெரட்டுன்னு பேரு வச்சே. பேர் வரும், "வாரியா?"ன்னு கேட்கும். ஒண்ணு தட்டுனா வாரேன், சைபர், அதான் கோசோங், தட்டுனா வரல.

ஒன் கூட்டாளி பார்த்துட்டு, "மச்சான், பதினொரு பேர்தான் வருது. ஒன் பெரட்டுக்கு நீயே வராம பொந்தேங் அடிச்சிட்டியேலா"ன்னு சிரிச்சான்.

"வந்து பார்த்துக்கிறேன்லா"ன்னு மோட்டார் சைக்கிளை எடுத்தே. தாப்பா ரோட்டுல லோரி. நீ திரும்பி வரவே இல்ல.

ஒரு மாசமாச்சு. ஒன் பேரு அதுல வராம எனக்கு மனசு ஆறல. அடைச்சா புரோகிராம் அழிஞ்சிருமே, அதான் ஒன் நோட்டைப் பார்த்து நானே மறுபடி தட்டுனேன். ஆறாவதோட நின்னவ நான். ஓ எழுத்துக்கும் கோசோங்குக்கும் வித்தியாசம் தெரியாம ரெண்டு நாள் போச்சு. ஆனா இது என்னை எத்தனாவது படிச்சேன்னு கேட்கல. எந்த வரியில தப்புன்னு மட்டும் சொல்லிட்டுக் காத்திருக்கும். அடுப்புல சோறு அடிப்பிடிச்சது தெரியல. அந்த நேரம் மட்டும் நான் அழல.

கடைசியில இருந்த ஒன் பேரை முதல்ல போட்டுப் பார்த்தேன். வந்துச்சு. இப்ப வேற ஒருத்தன் காணாமப் போயிட்டான். அப்ப தப்பு பேர்ல இல்ல, எண்ணிக்கையில. தோட்டத்துல ஆள் மேய்க்கிற மண்டோரா இருந்த நம்ம அப்பா பேர் கூப்பிடுறப்ப தன்னை எண்ணவே மாட்டாரு. நீயும் அதே மாதிரி பதினொண்ணுன்னு போட்டிருக்கே.

ஒன் பேரைத் திரும்பக் கடைசியில வச்சு, பதினொண்ணைப் பன்னெண்டா மாத்துனேன். எல்லாப் பேருக்கும் ஒண்ணு தட்டிக்கிட்டே வந்தேன். கடைசியா ஒன் பேரு. "வாரியா?"

ஒண்ணு தட்டுனா பொய். கோசோங் தட்ட என் வெரலு வரல. குசினிக்குப் போயி அடுப்பைப் பார்த்துட்டு வந்தேன். இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு.

இதை வாசிக்கிறவங்களே, ஒங்க வீட்டுல சாமி கும்பிடுறப்ப என் தம்பிக்காகவும் ஒருவாட்டி கும்பிடுங்க. எனக்கு வேற பதில் தட்டத் தெரியல.