சுண்ணாம்புச் சுவர் வாசனையும் கீரனூர் மீன் வண்டிக்காரரும்

1. மணக்காத சென்ட்

“ஆச்சி, மணக்காத சென்ட் இருக்கா?”

வாழ்நாளெல்லாம் வாசனைத் தொழிலில் மூக்கைத் தேய்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? புதுக்கோட்டையில் நான் வைத்திருக்கிற சின்ன சென்ட் கடையின் ஷட்டரை அப்போதுதான் ஏற்றிக்கொண்டிருந்தேன். கேட்ட ஆளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் படியேறுவதற்கு முன்பே அவருடைய பாடி ஸ்ப்ரே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. அதற்கு அடியில் லேசாக மீன் வாடை.

“இருக்கே, குழாயத் தொறந்தா வரும், காசு கூட வேணாம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கு வாய்தான் கொஞ்சம் நீளம், மனசு அப்படியில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

பெயர் சேகர், ஊர் கீரனூர். ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏற்றித் திருச்சி மார்க்கெட்டுக்கு ஓட்டுகிற வண்டி. மனைவி வனிதா முழுகாமல் இருக்கிறாள், கடுமையான மசக்கை. தாளிப்பு, சோப்பு, ஊதுபத்தி, எது மணந்தாலும் வாந்தி. புருஷன் வாசலில் கால் வைத்தாலே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறாள். மீன் வாடைதான் காரணம் என்று இவராக முடிவுகட்டி, சோப்பு மேல் சோப்புப் போட்டுக் குளித்து, ஸ்ப்ரேயும் அடித்துக்கொண்டு போய் நின்றிருக்கிறார். தாழ்ப்பாள் அசையவில்லை. சோறு தங்காமல் அவள் பாதி ஆளாகிவிட்டாள். இப்படியே போனால் அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏற்றவேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

போதாததற்கு வெள்ளிக்கிழமை மாமியார் வந்து மகளைக் கீரமங்கலத்துக்குக் கூட்டிப்போகப் போகிறாராம். அவர்கள் மல்லிகைத் தோட்டக்காரர்கள், வீடு முழுக்கப் பூக்கூடை.

“அங்கிட்டுப் போனா இன்னும் மோசமாயிரும் ஆச்சி. பூ வாசத்துலதான் வாந்தியே ஆரம்பிச்சுச்சு. சொன்னா அத்தை நம்ப மாட்டேங்குது. பொண்டாட்டிய அனுப்ப மனசில்லாமக் கதை விடுறேன்னு நெனைக்குது.”

அவளுக்குப் பிடித்த வாசனை என்று எதுவுமே இல்லையா என்று கேட்டேன். ஆள் நெளிந்தார். பக்கத்து மனையில் புதுவீடு கட்டுகிறார்களாம். பூச்சுவேலை முடிந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஊற்றி முடித்ததும் இவள் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுகிறாள்.

“ஈரச் செவுத்துல மூக்க வச்சுக்கிட்டே ரெண்டு இட்லி சாப்புட்டுப்புடுறா ஆச்சி. அது மட்டுந்தான் வயித்துல தங்குது. தெருவே நின்னு வேடிக்கை பாக்குது.”

அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றுவதை இந்த வாரத்தோடு நிறுத்திவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார்.

2. விலைபோகாத வெள்ளை

எனக்குச் சிரிப்பு வந்தது, உடம்பும் சிலிர்த்தது. என் பின்பக்க அலமாரியில் அந்தச் சுவர் பாட்டில் பாட்டிலாக உட்கார்ந்திருந்தது.

சென்னையில் ஒரு கம்பெனியில் எவாலுவேட்டராக இருந்தேன். சோப்பு, பவுடர், ஊதுபத்திக்கு வருகிற வாசனைகளை மோந்து பார்த்துத் தேறும், தேறாது என்று சொல்வது வேலை. அங்கே கேட்கிறதெல்லாம் ஒன்றுதான்: ரோஜா மாதிரி இருக்கணும், விலை மலிவாக இருக்கணும். ரிட்டயர் ஆனதும் எனக்குப் பிடித்ததை மட்டும் செய்வது என்று இந்த ஊருக்கு வந்தேன். அப்படிச் செய்ததில் ஒன்றுதான் ‘வெள்ளை’. திருமயம் பக்கத்தில் எங்கள் குடும்ப வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, ஈரம் காயாத சுண்ணாம்புச் சுவரில் ஒரு குளிர்ந்த வாசம் வந்தது. அதைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது.

அதில் சுண்ணாம்பு கிடையாது, போட்டால் தோல் வெந்துவிடும். ஈர மண்ணுக்கென்று ஒரு மெட்டீரியல் உண்டு, ஊசி முனையளவுதான் சேர்க்கணும். கொஞ்சம் கூடினால் பீட்ரூட் பொரியல் வாசனை வரும். அதோடு வெட்டிவேர், கல்லுப்பு மாதிரி ஒரு குளிர்ச்சி. எத்தனை பங்கு ஸ்பிரிட்டில் கரைப்பது என்கிற டைல்யூஷனை மாற்றி மாற்றி, பாடாய்ப் பட்டுக் கொண்டுவந்தேன்.

யார் போட்டுக்கொள்வார்கள்? செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிற ஆர்க்கிடெக்ட்டுகள், பழைய வீட்டை ஓட்டலாக்கியவர்கள், வித்தியாசமாக ஏதாவது வேண்டும் என்கிற காலேஜ் பிள்ளைகள் என்று கணக்குப் போட்டேன். ஒரு ஓட்டல் மேனேஜர் மோந்துவிட்டு, ‘பெயின்ட் வேலை எப்ப முடியும்னு கெஸ்ட் கேப்பாங்க மேடம்’ என்று பாட்டிலைத் திருப்பித் தந்தார். காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக வந்து ஒருவர் மூக்கில் ஒருவர் நீட்டிச் சிரித்துவிட்டு, வெனிலா வாங்கிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர், செவுரு முடிஞ்சுது, அடுத்து ஜன்னலா என்று கேட்டார். அவரோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

பிளாட்டர் என்கிற காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டு, ஸ்பிரிட் பறக்கும்வரை வீசி, சேகரிடம் நீட்டினேன். மோந்தவர் கண்ணை அகல விரித்தார்.

“ஆச்சி, இது எங்க பக்கத்து வீடு.”

டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அவள் மேல் பூசவே கூடாது, உங்கள் சட்டைக் காலரில் ஒரே சொட்டு, அவ்வளவுதான் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

3. ஒரு சட்டையில் ரெண்டு வாசனை

மறுநாளே திரும்பி வந்தார், முகம் கடுகடுவென்று இருந்தது. டாக்டரம்மா சரி என்றுதான் சொன்னாராம். ஆனால் இவர் வாசலில் நின்றதும் வனிதா குடித்த தண்ணீரையும் வாந்தியெடுத்துவிட்டு, இனிமேல் இந்தப் பக்கமே வராதே என்று உள்ளேயிருந்து அழுதிருக்கிறாள். ஒங்க செவுரும் வேணாம் ஒண்ணும் வேணாம் என்று பாட்டிலைக் கல்லா மேல் வைத்தார்.

நான் எக்கி அவர் காலரை மோந்தேன். என் சுவர் இருந்தது. அதற்கு அடியில் மரிக்கொழுந்தும் மிட்டாயும் ரப்பரும் கலந்த அந்தப் பாழாய்ப்போன ஸ்ப்ரேயும் இருந்தது. சட்டென்று பின்னால் நகர்ந்தேன்.

“ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டா போனீங்க?”

“லேசா அடிச்சேன் ஆச்சி. மீன் வாடை தெரியக் கூடாதுல்ல.”

“பொண்ணு பாக்கப் போனப்ப ரோசாப்பூ மாதிரி மணந்துக்கிட்டா போனீங்க?”

அவர் யோசித்தார். “இல்ல. லேட்டாயிருச்சுன்னு லோடு எறக்கிட்டு நேராப் போனேன்.”

“அன்னைக்கி அந்தப் புள்ள மூக்க என்ன கழட்டி வச்சிருந்துச்சா? எல்லாம் தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டு வந்துச்சு? அது அறியாத வாடை மீன் வாடை இல்ல சாமி, இந்த டப்பாதான்.”

வண்டியிலிருந்த ஸ்ப்ரேயை எடுத்துவரச் சொல்லி என் குப்பைக்கூடையில் போடவைத்தேன். கைக்கு எலுமிச்சை மூடி, உடம்புக்கு வெறும் பயத்தமாவு. பச்சைத் தண்ணீரில் அலசி வெயிலில் காய்ந்த சட்டை. அதில் ஒரு சொட்டு. மீன் வாடை மிச்சம் இருந்தால் இருக்கட்டும் என்றேன். பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டார், அரை மனசோடுதான்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கடையில் கை ஓடவில்லை. சந்தனம் கேட்டவருக்கு ஜவ்வாது கொடுத்து, திட்டும் வாங்கினேன். மத்தியானம் போன் வந்தது. சேகர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வாசலில் எட்டி நின்று கூப்பிட்டிருக்கிறார். தாழ்ப்பாள் விலகியது. வனிதா வந்து அவர் காலரில் மூக்கை வைத்து, அப்படியே நின்றாளாம். பிறகு பசிக்கிறது என்றாளாம். ரசஞ்சோறு ஒரு தட்டு, இதுவரை வாந்தி இல்லை.

அந்த நேரம் பார்த்து மாமியார் தலை நிறைய மல்லிகையோடு வந்திருக்கிறார். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடியதைக் கண்ணால் பார்த்ததும், பூவைப் பிய்த்து வேலிப்பக்கம் எறிந்துவிட்டு, நானே இங்கன இருந்து ஆக்கிப்போடுறேன் என்று சொல்லிவிட்டாராம். போனை வைத்துவிட்டு நானும் நன்றாக அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்?

4. யார் போட்டுக்கொள்வது

பிறகு ஒரு நாள் இரண்டு பேரும் கைக்குழந்தையோடு கடைக்கு வந்தார்கள். பெண் குழந்தை, கொழுகொழுவென்று இருந்தது. வனிதா தலையில் முழம் முழமாக மல்லிகை. அப்பாடா என்று நான் ‘வெள்ளை’யில் ஒரு புது பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினேன். சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“வேணாம் ஆச்சி. இப்ப அத மோந்தாலே கொமட்டுது. இவருதான் விட மாட்டேங்குறாரு, தெனமும் போட்டுக்கிட்டு வண்டி எடுக்குறாரு.”

சேகர் வந்ததே இன்னொரு பாட்டில் வாங்கத்தானாம். அவளுக்குத்தான் சரியாகிவிட்டதே, உங்களுக்கு எதுக்கு இந்தச் சுவர் என்று கேட்டேன். அவர் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“ஒங்களுக்கு அது செவுத்து வாசம் ஆச்சி. எனக்கு அது, இவ கதவத் தொறந்த அன்னைக்கி வாசம்.”

வனிதா மூக்கிலிருந்து கையை எடுத்தாள். வண்டிக்குப் போறப்ப மட்டும் போட்டுக்கங்க என்று மெதுவாகச் சொன்னாள்.

சென்னையில் ஒவ்வொரு வாசனைக்கும் இன்ன வயது, இன்ன படிப்பு, இன்ன நகரம் என்று போட்டுக்கொள்பவரை நாங்களே முடிவு பண்ணி எழுதுவோம். மீன் வண்டி ஓட்டுகிறவர் என்று ஒரு நாளும் எழுதியதில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கடைக்கு வருகிறவரிடம் என்ன வாசனை பிடிக்கும் என்று கேட்காதீர்கள், பாதிப்பேர் மல்லிகை என்பார்கள், மீதிப்பேர் சந்தனம் என்பார்கள். யார் பக்கத்தில் போய் நிற்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேளுங்கள்.