பாத்திரங்கள் திரும்பிய திங்கட்கிழமை

அக்கா பிறந்த நாளைப் பற்றியே எனக்கு இன்னும் தெளிவில்லை. அப்பாவின் குறிப்பேட்டில் ஆடி மாதக் கடைசி வெள்ளி என்றிருக்கிறது. ஆவணி பிறந்து மூன்றாம் நாள் என்று அம்மா கடைசிவரை சாதித்தார்கள். பள்ளிச் சான்றிதழில் இரண்டிலும் சேராத வேறொரு தேதி. ஒருமுறை மூன்றையும் எடுத்துக்கொண்டு அக்காவிடமே போய்க் கேட்டேன். "ஏதாவது ஒன்னுல பொறந்திருப்பேன், விடுடா" என்றார்கள்.

முதலாம் ஆண்டு நினைவாக உங்கள் கைகளுக்கு வரும் இம்மலரில் அக்காவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பை மச்சான் என்னிடம் தந்தார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருபவன் என்பதால் தந்தார்கள். ஆனால் எழுத உட்கார்ந்தபோது, அக்காவின் வாழ்க்கையில் மிகப் பெரிய நாளைப் பற்றி என் நாட்குறிப்பு சொல்வதும் மற்றவர்கள் சொல்வதும் ஒத்துவரவில்லை என்று கண்டேன். ஒரு வருடமாக யோசித்தும் முடிவுக்கு வர முடியாததால், தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மார்க்கையன்கோட்டையில். அப்பா குத்தகைக்கு நெல் விவசாயம் செய்தார்கள். அம்மா நோயில் விழுந்தபோது அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்த்தார்கள். நான் நான்கு வயது இளையவன். என் பாடப்புத்தகங்களை எனக்கு முன்பே அக்கா படித்து முடித்துவிடுவார்கள். இருபது வயதில் மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தார்கள். தலைப்பிள்ளை தங்கவில்லை. பிறகு பிறந்த இருவரையும் நீங்கள் அறிவீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை கிடைத்து நானும் இங்கு வந்து, அக்கா வீட்டு மச்சிலேயே தங்கினேன்.

மச்சானின் வாடகை சைக்கிள் கடையும் வீடும் எங்கள் தெருவின் கடைசியில். எதிரே பள்ளிவாசல் தெரு தொடங்குகிறது. அதன் முதல் வீடு நூர்ஜஹான் அவர்களுடையது. தையல் மெஷின் வைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரர் காதர் ராவுத்தர் கம்பத்துக்குக் காய்கறி அனுப்பும் வியாபாரி. ரமலான் மாதத்தில் அந்தத் தெருவிலிருந்து தூக்குவாளிகளில் நோன்புக் கஞ்சி வரும். தைப்பொங்கலுக்கு இங்கிருந்து பொங்கல் போகும். வந்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பது இரு தெருவிலும் வழக்கம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அது நின்றது. எந்த ஆண்டு என்று எழுத என் கை துடிக்கிறது. மச்சான் வேண்டாமென்றார்கள். வீரபாண்டி அம்மன் கோயிலுக்கு அக்கினிச்சட்டி எடுத்துப் புறப்பட்ட எங்கள் தெரு ஊர்வலம் பள்ளிவாசல் முனையைத் தாண்டும்வரை மேளத்தை நிறுத்துவது பழைய ஏற்பாடு. அந்த வருடம் வெளியூரிலிருந்து வந்த மேளக்காரர்களிடம் யாரும் அதைச் சொல்லி வைக்கவில்லை. தொழுகை நேரம். கூச்சல், தள்ளுமுள்ளு, பிறகு கல். காதர் ராவுத்தரின் இடது கை முறிந்தது. மச்சானின் கடை எரிந்தது. ஒரு மாதம் போலீஸ் காவல் இருந்தது. தாசில்தார் முன்னிலையில் இரு தரப்பு ஆண்களும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டுத் தத்தம் தெருவுக்குப் போனவர்கள் பிறகு எதிர்த் தெருவில் கால் வைக்கவில்லை.

இரு தெருப் பாத்திரங்களும் மாறிய இடத்திலேயே மாட்டிக்கொண்டன. வெறுமனே கொடுப்பது மரியாதை இல்லை. நிரப்பிக் கொடுக்க மனம் இல்லை. எங்கள் வீட்டுப் பரணில் மட்டும் அந்தத் தெருத் தூக்குவாளிகள் நான்கு இருந்தன.

அக்கா மட்டும் தெருவைக் கடந்து போனார்கள், ரவிக்கைத் துணியோடு. அந்த இரண்டு வருடங்களில் நூர்ஜஹானிடம் பதினொரு ரவிக்கை தைத்துக்கொண்டார்கள் என்று குறித்திருக்கிறேன். அக்கா வருடத்துக்கு இரண்டு ரவிக்கைக்கு மேல் போட்டு நான் பார்த்ததில்லை. அப்படிப் போன ஒருநாள்தான், ரமலான் தொடக்கத்தில், அந்தச் செய்தியோடு திரும்பினார்கள். பெருநாள் முடிந்ததும் காதர் ராவுத்தர் வீட்டை விற்றுவிட்டு உத்தமபாளையம் போகிறார். வாங்க ஆள் பேசியாகிவிட்டது. அவர் போனால் அந்த முனையில் இன்னும் ஐந்தாறு குடும்பங்கள் பின்னாலேயே போகும்.

"போனா என்ன, நமக்கு எதுக்க வீடு காலியாகுது, அவ்வளவுதான்" என்றார்கள் மச்சான்.

"கடை எரிஞ்சா மறுபடி போட்டுக்கிட்டீக. அவ போனா நான் எங்க போயிப் பேசுவேன்?" என்றார்கள் அக்கா.

மறுநாளிலிருந்து எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அக்காவின் யோசனை எளிமையானது. பெருநாள் அன்று அவரவர் வீட்டில் கிடக்கும் பாத்திரத்தை நிரப்பிக்கொண்டு போய்க் கொடுப்பது, அங்கே ஒரு வாய் சாப்பிட்டு வருவது. புரட்டாசி மாதமாதலால் பலர் கவிச்சி தொடமாட்டார்கள். சைவச் சோறும் ஆக்குவதாக நூர்ஜஹான் சொல்லியனுப்பினார்கள். அறுப்பு நேரம். ஒருநாள் கூலி போகும் என்பதால் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: என்ன கிழமை?

அதைச் சொன்னவன் நான்.

பெருநாளைப் பிறை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காலண்டரைப் பார்த்து திங்கள் என்றேன். ஞாயிறு பொழுது சாயும்போது மேற்கே மலைமேல் மேகம் மூடியிருந்தது. குமுளியிலிருந்து இறங்கிய ஜீப்பில் வந்தவர்கள், கேரளத்தில் பிறை தெரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். என் கணக்கு சரி என்ற மகிழ்ச்சியில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து படுத்தேன். நம் ஊர் ஜமாஅத் கேரளப் பிறையை எடுத்துக்கொள்ளவில்லை என்பதையோ, திங்களும் நோன்பு என்று அறிவித்ததையோ நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க அந்தத் தெருவுக்குள் போக வேண்டும். நான் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

திங்கள் காலை பதினோரு மணிக்கு முப்பத்தொரு பேர் வெள்ளை வேட்டியும் பாத்திரமுமாகப் பள்ளிவாசல் தெருவுக்குள் நுழைந்தோம். புத்தாடை இல்லை. அடுப்புப் புகை இல்லை. சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. காதர் ராவுத்தர் வாசலில் வந்து நின்றார். முறிந்து சேர்ந்த கை கொஞ்சம் வளைந்தே இருந்தது.

"என்ன மாப்ள, நோம்பு நேரத்துல சோத்தத் தூக்கிட்டு வந்துருக்கீக?" என்று மச்சானைக் கேட்டார். "கேலி பண்ண வந்தீகளா?"

அவர் பின்னால் இளைஞர்கள் கூடிவிட்டார்கள். எங்கள் பக்கம் மச்சானின் ஒன்றுவிட்ட தம்பி சின்னச்சாமி, "ஏலே, யாரப் பாத்துக் கேலின்னு..." என்று முன்னே வந்தவர், எதிரில் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாள் சொன்னது இவருதான். காலண்டர்காரரு!"

கல் விழுந்த அதே முனை அது. அக்கா தன் தூக்குவாளியை நூர்ஜஹான் வீட்டுப் படியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்கள்.

"நாள் தப்பிப்போச்சு, அண்ணே. பாத்திரத்த ஒரு தடவ தூக்கிட்டு வந்தாச்சு, திரும்பக் கொண்டுபோக மாட்டோம். நீங்க நோம்பு தொறக்கிற வரைக்கும் இங்கன இருக்கோம்."

"அத்தாச்சி, பொழுது சாய இன்னும் ஏழு மணி நேரம் கெடக்கு" என்றார் சின்னச்சாமி.

"போறதுன்னா போ. பாத்திரத்த வச்சுட்டுப் போ."

பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள். நூர்ஜஹான் பாய்களைக் கொண்டுவந்து விரித்தார்கள். பிறகு தொடங்கியது வேறு ஒரு சண்டை. பட்டினி கிடக்கும் விருந்தாளியைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களால் முடியவில்லை.

"நோம்பு எங்களுக்குத்தானே, நீங்க சாப்பிடுங்க ஆத்தா" என்றார் பள்ளிவாசல் முத்தவல்லி.

"நீங்க தண்ணி பல்லுல படாம இருக்கையில நாங்க மென்னுக்கிட்டு இருக்கவா?" என்றார்கள் அக்கா.

"வெயில்ல மயங்கி விழுந்தீகன்னா மறுபடி போலீஸ் வரும்!"

"வரட்டும், அவுகளையும் உக்கார வைப்போம்."

யாரோ சிரித்தார்கள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

உச்சிப்பொழுதில் சின்னச்சாமி மெதுவாக எழுந்து நழுவினார். திண்டுக்கல்லில் மண்டி வைத்திருந்த முதிய ராவுத்தர் ஒருவர் அவரை மறித்தார். "எங்கன மாப்ள? பீடிக்குத்தானே? எனக்கும் காலையில இருந்து அதே நெனப்புத்தான். உக்காரு, ரெண்டு பேரும் சேந்து நெனப்போம்." அவர்கள் இருவரும் அன்று பேசத் தொடங்கியவர்கள், அந்த முதியவர் மறையும்வரை நிறுத்தவில்லை.

முதலில் வெயிலைப் பேசினார்கள். பிறகு நெல் விலையை. பிற்பகல் அசர் தொழுகை முடிந்து அவர்கள் வந்தபின், யாரும் தொடங்காமலே, அந்தச் சித்திரையைப் பேசினார்கள். காதர் ராவுத்தர் தன் கையை நீட்டிக் காட்டி, ராத்திரியில் அது எப்படிக் குத்துகிறது என்று சொன்னார். அதைக் கேட்டுவிட்டு மச்சான் சொன்னார்கள்: "என் கடையில எரிஞ்ச சைக்கிள்ல மூணு உங்க தெருப் பயலுக பழுது பாக்க விட்டது. அவுக வந்து கேப்பாகன்னு இருந்தேன். யாரும் வரல."

அது எங்களில் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கே தெரியாது. முத்தவல்லி தலையைக் குனிந்துகொண்டார்.

மாலையில் மேகம் விலகியது. போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். காலையில் வராதவர்களும் வந்தார்கள். பொழுது சாய்ந்தது. பாங்கு ஒலித்தது, பிறையும் தெரிந்தது. கொண்டுபோன கூட்டும் பாயசமும் பாதி புளித்துவிட்டிருந்தன. அக்காவின் தூக்குவாளியில் இருந்தது புளியோதரை, கெடவில்லை. அதிலிருந்து ஆளுக்கு ஒரு பிடியும், அவர்கள் கஞ்சியுமாக எல்லோரும் சாப்பிட்டோம்.

காதர் ராவுத்தர் வீட்டை விற்பாரா மாட்டாரா என்பது அன்று தெரியவில்லை. பெருநாள் முடிந்து இரண்டு வாரம் அக்கா வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்தபடி இருந்தார்கள். ஐப்பசி மழைக்கு முந்திய வியாழக்கிழமை, எதிர்வீட்டுக் கூரையில் ஆட்கள் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றினார்கள். விற்கப்போகிற வீட்டுக்கு யாரும் ஓடு மாற்றுவதில்லை. அக்கா உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்கள்.

எனக்கு விளங்காதது இதுதான். அன்று நோன்பு என்று அக்காவுக்கு முன்பே தெரியுமா?

பால் ஊற்றும் பேச்சியம்மாள், திங்கள் விடியலில் நூர்ஜஹான் சொல்லியனுப்பிய செய்தியை அக்காவிடம் நேரில் சொன்னதாக இன்றும் சத்தியம் செய்கிறார். என் நாட்குறிப்பில் அன்று 'பால் வரவில்லை' என்றிருக்கிறது. மற்றவர்கள் பாயசம் வைக்க, மாலைவரை கெடாத புளியோதரையை அக்கா ஏன் வைத்தார்கள்? புரட்டாசியில் எங்கள் வீட்டில் அதுதான் செய்வது என்கிறார்கள் மச்சான். அதுவும் உண்மை. தெரிந்தே முப்பது பேரை அந்த முனைக்கு அழைத்துப் போயிருந்தால், அது எவ்வளவு பெரிய ஆபத்து! அதைச் செய்யக்கூடியவர்களா அக்கா? தெரியாமல் போயிருந்தால், ஊர் இன்று ஒன்றாக இருப்பது என் தவறினாலா? இந்த இரண்டில் எதையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

கடைசி நாட்களில், தேனி மருத்துவமனையில், இருமுறை கேட்டேன். செவ்வாயன்று, "தெரிஞ்சிருந்தா பயந்துபோயி வீட்டுலயே இருந்திருப்பேன்" என்றார்கள். வெள்ளியன்று காய்ச்சல் கூடியிருந்தது. "தெரியாமலா அவ்வளவு சோத்த ஆக்கினேன்?" என்றார்கள். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த புதன், பிள்ளைகள் இருவரும் அருகிருக்க, அக்கா அமைதியாகக் கண் மூடினார்கள்.

நூர்ஜஹானிடமும் கேட்டேன். "நான் அவகிட்டக் கேக்கவே இல்ல தம்பி. கேட்டா ஒன்னு கோவிக்கணும், இல்லாட்டி நன்றி சொல்லணும். ரெண்டும் எங்களுக்குள்ள பழக்கமில்ல" என்றார்கள்.

நோயில் இரவும் பகலும் உடனிருந்த செவிலியர்களுக்கும், இரத்தம் தந்த இரு தெரு இளைஞர்களுக்கும், அக்காவின் இறுதி ஊர்வலம் கடக்கும்வரை கடைகளை அடைத்து நின்ற பள்ளிவாசல் தெருவாருக்கும், முப்பது நாளும் எங்கள் வீட்டு அடுப்பு எரியவிடாமல் சோறு அனுப்பியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கடமைப்பட்ட வணக்கம். இதில் தேதியோ பெயரோ பிழையாக இருந்தால் அது என் பொறுப்பு.

ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். பின்னட்டையில் உறவினர் பட்டியலின் மூன்றாம் வரியில் 'நூர்ஜஹான், காதர் ராவுத்தர், மக்கள்' என்றிருப்பதைப் பார்த்து, நண்பர்கள் பட்டியலுக்கு மாற்ற வேண்டுமா என்று அச்சகத்தார் இருமுறை ஆள் அனுப்பிக் கேட்டார்கள். மச்சானிடம் கேட்டு, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினேன். அது அச்சுப்பிழை அன்று.