கல்கத்தாப் பெட்டி

அப்பாவுக்கு ஓர் எலும்புக்கூடு வேண்டியிருந்தது. திருப்போரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் விஞ்ஞான ஆசிரியர். கரும்பலகையில் சாக்குக்கட்டியால் விலா எலும்பு வரைந்து வரைந்து அலுத்துப்போய், இரண்டு வருஷம் தலைமையாசிரியரை நச்சரித்து, கடைசியில் கல்கத்தாவிலிருந்து ஒன்றைத் தருவிக்கச் சம்மதம் வாங்கிவிட்டார். அந்த நாளில் எலும்புக்கூடுகள் அங்கிருந்துதான் வரும். அம்மா வீட்டுக்குள் விடமாட்டாள் என்று பயந்து அவளிடம் 'பள்ளிக்கூடச் சாமான்' என்று மட்டும் சொல்லியிருந்தார். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. ஆய்வுக்கூடம் அவருக்குத் திருப்தியாக இருந்தால்தான் மேல் வகுப்பில் விஞ்ஞானம் நடத்த அனுமதி. இல்லாவிட்டால் பிள்ளைகள் செங்கல்பட்டுக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். சாமானோ வந்தபாடில்லை. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் பார்சல் கம்பெனியிலிருந்து கார்டு வந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். எனக்கு ஒன்பது வயது. ரிப்பன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

கம்பெனியின் பெயர் இப்போது எதற்கு? செங்கல்பட்டு ரயிலடிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்ட கிடங்கு. நாங்கள் போனபோது சென்னையிலிருந்து வந்த லாரியில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிக்கொண்டிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. மேலே நின்ற முண்டாசுக்காரர் கையில் அகப்பட்டதையெல்லாம் தூக்கி எறிந்தார். கீழே இருந்தவர்கள் பிடித்தால் பிடித்தார்கள். அரிக்கேன் விளக்குப் பெட்டி ஒன்று கலகலவென்று விழுந்தது. மேஜையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, அந்தச் சத்தம் தினமும் கேட்கிற சத்தம் என்பதுபோல, தலையைக் கூட நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

எங்கள் பெட்டி வந்தது. ஆளுயரத்தில் பாதி இருக்கும். ஜாக்கிரதையாகக் கையாளும்படி மூன்று பாஷைகளில் எழுதியிருந்தது. மூன்றில் ஒன்றும் தமிழ் இல்லை.

"மெதுவாப்பா! மெதுவா!" என்று அப்பா ஓடினார்.

"இன்னா சார், கொயந்தையா கீது உள்ள?" என்று கேட்டுக்கொண்டே முண்டாசுக்காரர் பெட்டியை விட்டுவிட்டார்.

மூலை குத்தி விழுந்து பலகை பிளந்தது. உள்ளேயிருந்து வைக்கோலோடு ஒரு மண்டை ஓடு உருண்டு வந்து, குமாஸ்தாவின் மேஜைக்கால் அருகே, எங்களைப் பார்த்தபடி நின்றது.

கிடங்கில் யாரும் மிஞ்சவில்லை. குமாஸ்தா மட்டும், ஓட வழியில்லாததால், மேஜைமேல் ஏறி நின்றார். "கொலை! கொலை!" என்று தெருவில் யாரோ கத்துவது கேட்டது. நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அப்பா அதைக் கையில் எடுத்துத் தூசி தட்டியதைப் பார்த்ததும் பயமும் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"யாரு சார் இது?"

"யாருமில்லைங்க. எலும்புக்கூடு. பசங்களுக்குப் பாடம் நடத்த."

"யாருமில்லாம எலும்பு மட்டும் எப்பிடி சார் வரும்?"

அப்பா ரசீதை எடுத்து நீட்டினார். போலீஸ்காரர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, தலைமையாசிரியரின் கடிதத்தையும் பார்த்துவிட்டு, எடுத்துப் போகச் சொன்னார். குமாஸ்தாவும் மேஜையிலிருந்து இறங்காமலே பதிவேட்டை அப்பாவிடம் நீட்டி, 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சீக்கிரம் எடுத்துப் போகும்படி கெஞ்சினார். அப்பா 'நல்ல' என்பதை அடித்து 'உடைந்த' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஆனால் எடுத்துப்போக ஆள் வேண்டுமே. யாரும் கிட்டே வரவில்லை. கடைசியில் அந்த முண்டாசுக்காரரே வந்தார். குழாயடியில் கைகால் அலம்பிக்கொண்டு, முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பிளந்த பெட்டியைக் கயிற்றால் சுற்றினார். "தெரியாம போட்டுட்டேன்" என்றார். அப்பாவிடம் சொன்னதாகத் தோன்றவில்லை. கண் பெட்டிமேல் இருந்தது. பஸ் நிலையம் வரைக்கும் தலையில் வைத்துத் தளும்பாமல் நடந்தார். நிறைகுடம் சுமக்கிறவர்கூட அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் கிருத்திகை. பஸ்ஸில் முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டம். கண்டக்டர் பெட்டியை வாங்க மேலே ஏறினார்.

"அண்ணாத்த, மெதுவா வை. உள்ள ஆளு கீது" என்றார் முண்டாசுக்காரர்.

"ஆளா? அப்ப டிக்கெட் வாங்கச் சொல்லு" என்று கண்டக்டர் சிரித்தார். பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்துவைத்தார். திருப்போரூர் வரும்வரை என்னை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. ரிப்பனை நான் கேட்கவும் இல்லை.

பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால் பெட்டி வீட்டுக்குத்தான் வந்தது. அம்மா பெட்டியைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். கொல்லைப்புறம் விறகுக் கொட்டகையைக் கையால் காட்டினாள். கிணற்றடியில் எங்கள் இருவர் தலையிலும் தண்ணீர் ஊற்றின பிறகுதான் உள்ளே விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பா கொட்டகையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். விலா எலும்பு மூன்று முறிந்திருந்தது. இடது கை மணிக்கட்டோடு கழன்று, விரல்கள் வைக்கோலுக்குள் சிதறியிருந்தன. நான் வைக்கோலை அலசி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவர் செப்புக் கம்பியால் கோத்தார். ஒவ்வோர் எலும்பின் பெயரையும் சொல்லி வாங்கிக்கொண்டார். என் சிறுவயதில் அவ்வளவு சந்தோஷமான ஞாயிறு வேறொன்று நினைவில்லை.

மத்தியானம் அம்மா காபி கொண்டுவந்தாள். வாசற்படி தாண்டாமல் நின்று, சாக்கின் மேல் கிடந்த கையையே பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதா இருக்கே. குழந்தையாங்க?"

"இல்லை. இடுப்பெலும்பைப் பார்த்தா பொம்பளை. இருபது வயசு தாண்டியிருக்காது."

"எந்த ஊராம்?"

"அதெல்லாம் யார் எழுதி அனுப்பறாங்க" என்றார் அப்பா, கம்பியை முறுக்கிக்கொண்டே.

அம்மா காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை, பெட்டிக்குள் திணிக்க அப்பா பழைய செய்தித்தாளைக் கசக்கிக்கொண்டிருந்தார். அம்மா வந்து அதை வாங்கி ஓரமாகப் போட்டாள். தன்னுடைய பச்சை நூல் சேலையைக் கொடுத்தாள். பழையதல்ல, தீபாவளிக்கு எடுத்தது. அதில் சுற்றித்தான் பெட்டி பள்ளிக்கூடம் போனது.

இன்ஸ்பெக்டருக்குப் பரம திருப்தி. அனுமதி கிடைத்துவிட்டது. சாயந்திரம் அப்பா மிட்டாய்ப் பொட்டலத்தோடும், மடித்த சேலையோடும் வந்தார். ஒரு எலும்புகூட அசையவில்லை, பார்சல் கம்பெனிக்காரன் உன்னிடம் பாடம் படிக்க வேண்டும் என்று அம்மாவைப் புகழ்ந்தார். அம்மா மிட்டாயை வாங்கிக்கொண்டாள். சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அவகிட்டயே இருக்கட்டும்."

மறுநாள் அப்பா அதை எடுத்துப் போய்விட்டார். மிட்டாயைச் சப்பிக்கொண்டே நான் வெகுநேரம் யோசித்தேன். எலும்புக்கூடுதான் கண்ணாடி அலமாரிக்குள் பத்திரமாகப் போய்விட்டதே. இனி யாரும் அதைக் கீழே போடப்போவதில்லையே. பிறகு அதற்கு எதற்குச் சேலை?