ஜாக்கியில் அளந்த ஷாஃப்ட்

ஊரில் பாதிப் பேருக்கு அவள் அண்ணிதான். கல்யாணமான புதிதில் கணவனின் தம்பி பட்டறை வாசலில் நின்று "அண்ணி, அண்ணி" என்று கத்திக் கத்தி, லாரி ஓட்டும் அறுபது வயதுக்காரர்கள்கூட அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு வண்டிக்கடியில் படுக்க முடியாமல் போனபோது ஸ்பேனரை அவள் கையில் எடுத்தாள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அவர் போன் எடுப்பார், வந்தவர்களிடம் கதை பேசுவார். மற்றதெல்லாம் அவள்தான்.

கிளட்ச், பிரேக், கியர் பாக்ஸ் எதுவும் அவளைக் கலங்கடித்ததில்லை. கலங்கடிக்கக் கொழுந்தன் ஒருவன் போதும்.

அவன் தன் ஜீப்பைத் தூக்கியிருந்தான். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டைகளைக் கொடுத்து, பெரிய டயர்களை மாட்டி, வண்டியை நாலு இஞ்ச் உயர்த்தி நிறுத்திவிட்டான். ஊரார் அதற்கு ஒட்டகச்சிவிங்கி என்று பேர் வைத்தார்கள். அதிலும் அவனுக்குப் பெருமை. ஆனால் வண்டி உயர்ந்ததும், கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் தாறுமாறாகச் சாய்ந்துவிட்டது. நாற்பதைத் தாண்டினால் வண்டி குளிர்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கியது.

அன்று காலை ஒன்பது மணிக்குப் புது ஷாஃப்ட் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். மலைமேல் ஆறு மாதம் நிலம் அளக்கப் போகிற குழுவினர் மதியம் இரண்டு மணிக்கு அவன் வண்டியில் ஏறிப் பார்க்கப் போகிறார்கள். பிடித்திருந்தால் ஆறு மாதமும் அவன்தான் டிரைவர். மூன்று வேலைகளைத் தொலைத்துவிட்டு, கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவனுக்கு இதை விட்டால் வேறில்லை.

"ஆர்டர் குடுத்து நீளமா செஞ்சது அண்ணி. மாட்டினா போதும்."

"அளவு யார் எடுத்தது?"

"நான்தான். மூணு தடவை அளந்தேன்."

அங்கேதான் அவள் ஏமாந்தாள். மூன்று தடவை என்றதும், பரவாயில்லை, திருந்திவிட்டான் என்று நினைத்துவிட்டாள். வண்டியின் அடிச்சட்டத்துக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கினாள். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினாள். இந்தப் பக்கம் நாலு போல்ட், அந்தப் பக்கம் நாலு. வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

ஜாக்கியை இறக்கினாள். சக்கரம் தரையைத் தொட்டுப் பாரம் ஏற ஏற, அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம்.

மறுபடி படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். ஷாஃப்டில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீண்டு சுருங்கும் பகுதி ஒன்று உண்டு. வண்டி குலுங்கும்போது அது சுருங்கியே ஆக வேண்டும். இங்கே நகம் நுழையக்கூட இடமில்லை.

"எப்படிடா அளந்தே?"

"ஜாக்கியில ஏத்தித்தான். அப்பத்தானே படுத்து அளக்க வசதி?"

"சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதா?"

"மூணு தடவையும்."

அவள் நெற்றியை டயரில் முட்டிக்கொண்டாள். "தப்பா அளந்ததை மூணு தடவை அளந்தா சரியாயிடுமா? நிலத்துல நிக்கும்போது நீளம் குறையும்டா. ஒரு குழியில இறங்கினா இது கியர் பாக்ஸையே குத்திப் பொளந்துடும்."

அவன் யோசித்தான். முகம் மலர்ந்தது. "அப்போ இன்னும் ரெண்டு இஞ்ச் தூக்கிட்டா?"

கணவர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு ஒருநாள் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி அனுப்பிடேன். பாவம், பையன்."

"முப்பத்திரண்டு வயசுப் பையன்! இரும்புக்கு அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாதுங்க. வேணும்னா நீங்க பின் சீட்டுல உக்காந்து போயிட்டு வாங்க."

தலை உள்ளே போய்விட்டது.

"கட்டையை எடுத்துடலாம்," என்றாள். "பழைய உயரம், பழைய டயர், பழைய ஷாஃப்ட். நடுங்காது."

"இறக்கவா? என் வண்டி தூரத்துலயே தெரியும்னு நிலம் அளக்குற குழுவோட மேடத்துக்கிட்ட சொல்லி வச்சிருக்கேன் அண்ணி!"

"கிட்ட வந்து பாக்கட்டும்."

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிப்பானுங்க."

"அவனுங்களா உனக்கு ஆறு மாசம் வேலை தரப் போறாங்க? மணி பதினொண்ணு. உயரமா, வேலையா? சீக்கிரம் சொல்லு."

அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பானெட்டைத் தடவினான். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீல் ஸ்பேனரை எடுத்தான்.

உதவி என்ற பேரில் அவன் செய்ததை எழுதினால் தனிக்கதை. இடது சக்கர நட்டுகளை வலது பக்கம் கொண்டுபோய் வைத்தான். ஒரு நட்டைக் காணோமென்று கால்மணி நேரம் தேடினார்கள். அது அவன் செருப்புக்கடியில் இருந்தது. ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் துருப்பிடித்த கிளாம்புகள் அசைய மறுத்தன. அவளுடைய மணிக்கட்டு வீங்கியது. கிளட்ச்சுக்குக் காத்திருந்த லாரிக்காரர் இரண்டு தடவை முணுமுணுத்து, மூன்றாவது தடவை சத்தமாகவே பேசிவிட்டுப் போனார்.

ஒன்றே முக்காலுக்கு வண்டி தரையில் நின்றது, எல்லா ஜீப்பையும் போல ஒரு ஜீப்பாக. அவன் ஏறி உட்கார்ந்தான், அவள் முகத்தைப் பார்க்காமலே கிளப்பினான். தெருமுனை திரும்பும்வரை அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நடுக்கச் சத்தம் இல்லை.

ஆறு மணிக்குச் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தான்.

"வேலை கிடைச்சிருச்சு அண்ணி. நாளையிலேர்ந்து காலையில ஏழு மணிக்கு."

"அப்பாடா."

"ஆனா வண்டியைப் பத்தி யாருமே ஒரு வார்த்தை கேக்கலை," என்றான், ஏதோ பறிகொடுத்தவன்போல. "ஏறினாங்க, இறங்கினாங்க, போயிட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

"காலையில ஆறு மணிக்கே வண்டியை இங்க கொண்டு வா," என்றாள். "மலை ஏறி இறங்கினதுல கிளாம்ப் எல்லாம் தளர்ந்திருக்கும். இன்னொரு தடவை முறுக்கணும்."

"ஆறுக்கேவா? அஞ்சரைக்கு எந்திரிக்கணுமே அண்ணி!"