தட்டிப் பார்க்காத மூட்டம்

ஜக்கம்மாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, எஸ்தர் என்று பாஸ்டர் பேர் வைத்துப் பதினோரு வருஷமாகிறது. எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துக் கரிமூட்டங்களில் அந்தப் பேரை ஒருவரும் சொல்வதில்லை. வேதக்காரி ஜக்கம்மா என்றால்தான் தெரியும். அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. வெற்றிலையை விட்டாள், தெருச் சண்டைக்குப் போவதை விட்டாள், வாய் நிறைய வைத்திருந்த கெட்ட வார்த்தைகளையும் விட்டாள். இதையெல்லாம் விட்டுவிட்டோமே என்கிற பெருமையை மட்டும் விட முடியவில்லை.

சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடித் தீ வைத்தால் மூட்டம் பத்து நாளைக்குப் புகையும். உள்ளே விறகு வேக வேக மேல்மண் அங்கங்கே உள்வாங்கும். ஓட்டை விழுந்து காற்றுப் போனால் அத்தனை கரியும் சாம்பல். அதனால் ஆள் மேலே ஏறி மண் போட்டாக வேண்டும். அவன் ஏறுமுன் இன்னொருவர் மூங்கில் கம்பால் மூட்டம் முழுக்கத் தட்டிப் பார்ப்பது வழக்கம். சத்தம் பொத்தென்று வந்தால் அந்த இடம் பொக்கை, கால் வைத்தால் நெருப்புக்குள் இறங்கும். தட்டுவது ஜக்கம்மாள், ஏறுவது காளீஸ்வரன். ஆறு வருஷமாக அவள் சொன்ன இடத்தில்தான் அவன் கால் வைப்பான்.

அந்த வெள்ளிக்கிழமை அருப்புக்கோட்டையில் உபவாச ஜெபம். சாட்சி சொல்லும் முறை ஜக்கம்மாளுடையது. பத்தேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது பன்னிரண்டுக்குத்தான். கிழக்குப் பக்கம் தட்டி முடித்திருந்தாள், மேற்கே பாக்கி. கம்பைப் போட்டுவிட்டுச் சேலையில் ஒட்டிய கரியை உதறிக்கொண்டிருந்தவளிடம் காளீஸ்வரன் கேட்டான்.

"தட்டியாச்சாக்கா?"

"எல்லாம் தட்டியாச்சு தம்பி. நீ ஏறு, நான் போயிட்டு வாரேன்."

ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்று சாட்சி சொல்லத்தான் அம்மணி அவ்வளவு அவசரமாகப் போனாள். மைக்கைப் பிடித்துச் சொல்லவும் செய்தாள். சபையே அல்லேலூயா போட்டது. அந்நேரத்துக்குள் காளீஸ்வரன் மேற்குப் பக்கத்தில் இடுப்புவரை நெருப்புக்குள் இறங்கிவிட்டிருந்தான்.

மதுரை ஆஸ்பத்திரியில் அஞ்சு நாள் கிடந்து செத்தான். தன் தலை தப்பினால் போதுமென்று மூட்டத்து முதலாளி முதல் நாளே, குடித்துவிட்டு ஏறி விழுந்துவிட்டான் என்று சொல்லிவிட்டார். ஊரும் நம்பியது. காளீஸ்வரன் பேர்போன குடிகாரன்தான். ஆனால் அந்த மாதம் மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்க நேர்ந்து, மாலை போட்டு விரதம் இருந்தான். பேச்சு இன்னும் கேவலமாகப் போனது அதனால்தான். "மாலையோட குடிச்சான், ஆத்தா நெருப்பாலயே கேட்டுட்டா" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொன்னார்கள். அவன் பெண்டாட்டி சுமதி தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்க வருவதையே நிறுத்திவிட்டாள்.

ஜக்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று காலை அவன் பக்கத்தில் நின்றவள் அவள். அவன் மேல் திருநீறும் சந்தனமும்தான் மணத்தன. பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"கர்த்தர் மன்னிச்சுட்டாரும்மா. இனி அத ஊருக்குள்ள சொன்னா அவரு நாமத்துக்குத்தான் கெட்ட பேரு. சபைய நெனச்சுப் பாருங்க" என்றார் அவர்.

கேட்க வசதியாகத்தான் இருந்தது. அந்த வசதிதான் அவளை அரித்தது. நான் குடிக்கவில்லை என்று எழுந்து வந்து சொல்லச் செத்தவனால் ஆகாது. சொல்லக்கூடிய ஒரே வாய் மூலையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது. சொன்னால் வேலை போகும், அடி விழும், வேதக்காரி லட்சணத்தைப் பாரு என்று சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனாள்.

சொந்தபந்தமெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்தது. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"தம்பி குடிக்கல. மேக்க தட்டிப் பாக்காமலே தட்டியாச்சுன்னு நாந்தான் பொய் சொன்னேன். என்னைய நம்பித்தான் ஏறுனான்."

காளீஸ்வரனின் அண்ணன் சங்கரபாண்டியன் எச்சில் கையோடு எழுந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் நகரவில்லை. இதற்குத் துணிந்துதான் வந்திருந்தாள். உள்ளேயிருந்து சுமதி வருவதைப் பார்த்ததும் இன்னொரு அடிக்கு முகத்தைக் கொடுத்தாள்.

சுமதி அடிக்கவில்லை.

"கடைசி வரைக்கும், நான் குடிக்கலடின்னுதான் சொன்னாரு மதினி. சாகப்போற நேரத்துலயும் பொய்யான்னு கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அன்னைக்கே உசுரு போச்சு."

சுமதி இன்னும் கிட்ட வந்தாள்.

"நீங்க அஞ்சு நாளும் ஆஸ்பத்திரிக்கு வந்தீகளே. அவரு தலையில கை வச்சு ஜெபம் பண்ணுனீகளே. அப்ப எங்கிட்ட ஒத்த வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

ஜக்கம்மாள் வாயைத் திறந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. கர்த்தரிடம் கேட்கும்போது அது எத்தனை சுலபமாக வந்தது என்று நினைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எங்கிட்ட எதுக்கு இப்பச் சொல்றீக? அவருகிட்டச் சொல்லுங்க" என்று சுமதி அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய், மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் நிறுத்தினாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செத்தவர்களுக்குக் காது கேட்காது, படத்துக்கு முன்னால் பேசுவது வீண் என்று தெருத் தெருவாகச் சொல்லி வந்தவள் ஜக்கம்மாள். இப்போதும் அதைத்தான் நம்பினாள். கைகூப்பினாள்.

"மேக்க நான் தட்டிப் பாக்கலய்யா தம்பி."

"சத்தமாச் சொல்லுங்க மதினி" என்றாள் சுமதி.