சுறா எண்ணெய் பூசிய மூட்டு

என் நிக்காஹ்வுக்கு என்னைக் கொண்டுபோக வேண்டிய லொறியின் அடியிலேயே, இடுப்பில் கட்டிய புது வெள்ளைச் சாரத்தோடு மல்லாந்து கிடந்தேன். வெள்ளைக்காரன் காலம், அதிலும் யுத்த நேரம். லொறிக்குப் பூசும் கிறீஸ் மருந்துக்கும் கிடைக்காது. மன்னார்த் தீவிலிருந்து சிலாவத்துறையில் இருந்த பெண் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அரிப்பு என்ற ஊருக்கு முன்னால், மணற்பாதையில், கிளச்சை விடும்போதெல்லாம் அடியில் ‘டக்’ என்று ஒரு அடி. மெல்லப் போனால் எலிக்குஞ்சு போல ஒரு கீச்சு. நிறுத்தி இறங்கிவிட்டேன். லொறி ஓட்டவோ திருத்தவோ தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

மேலே உம்மாவும் சொந்தக்காரரும் வெயிலில் புறுபுறுத்துக்கொண்டிருந்தார்கள். பொழுதுபடும் மஃரிப் தொழுகைக்குள் போய்ச் சேராவிட்டால், மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று ஊர் கதைக்கும். பெயர் கெடுவது அந்தப் பெண்ணுக்கு. அவளை நான் பார்த்ததுகூட இல்லை. எங்கள் வழக்கப்படி இனி அவள் வீட்டில்தான் எனக்குச் சீவியம். வாப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. முன்னால் அந்த வீடு, பின்னால் உம்மாவின் கண்ணீர், முகத்துக்கு நேரே லொறி. இது இப்படியே கிடந்தால் என்ன என்றுகூட நினைத்தேன்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. பின்சில்லுக்குப் பலத்தைக் கொண்டுபோகும் ஷாஃப்டைப் பிடித்து இரு பக்கமும் திருகினேன். பின்முனை இறுக்கமாக இருந்தது. முன்முனையில், யோக் என்ற இரும்புக் கவை அசையாமல் நிற்க, ஷாஃப்ட் மட்டும் ஆடியது. இரண்டையும் பிணைக்கிற குறுக்குக்கட்டை தேய்ந்துவிட்டது. மூட்டின் ஓரமெல்லாம் துருப்பொடி. தொட்டு முகர்ந்தேன். சுறா எண்ணெய்! படகுக்குப் பூசுகிற அதே நாற்றம்.

எங்களை அழைத்துப்போக வந்திருந்த பெண்ணின் அண்ணனை, அவளுடைய நானாவை, கூப்பிட்டேன். கடலைத் தவிர வேறெதுவும் அறியாத மனுசன்.

“மச்சான், இதில கை வைச்சது ஆர்?”

“நான்தான். போன கிழமை கல்யாணச் சாமானோட லொறி எங்கட வீட்டு வளவில நிண்டதெல்லோ? உள்ள ஒரே கறுப்பு அழுக்கு. வழிச்சு எறிஞ்சுபோட்டு நல்ல எண்ணெய் பூசினனான்.”

“அது அழுக்கில்லை, கிறீஸ்! இப்ப எண்ணெயும் மணலும் சேர்ந்து மூட்டைத் திண்டுபோட்டுது. உங்களை ஆர் இதைச் செய்யச் சொன்னது?”

அவர் தலையைக் குனிந்தார். “தங்கச்சிதான். நீங்கள் வழியில நிண்டுபோடுவீங்களோ எண்டு அவவுக்குப் பயம். படகுக்கு வைச்சிருந்ததில நல்லதாப் பார்த்து அவதான் ஊத்தித் தந்தவ.”

என்னைக் கேட்காமலே எல்லாம் முடிவுசெய்த கூட்டத்தில், நான் வந்து சேரவேண்டுமே என்று பயந்தவள் அவள் ஒருத்திதான்.

ஷாஃப்ட் கழன்றாலும் நிலத்தில் குத்தாதபடி மச்சான் லொறியில் கிடந்த படகுக் கயிற்றை அதன் கீழே வளையமாகக் கட்டினார். பாரம் குறைய எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டேன். முதல் கியரிலேயே, அவர்களுடைய நடைக்கு ஏற்றபடி, டக்டக்கென்று ஊர்ந்தேன். சிலாவத்துறைப் பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது பெண் வீட்டு வாசலில் போய் நின்றோம்.

நிக்காஹ் முடிந்து உள்ளே போனேன். அவள் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, சாரத்தில் இருந்த கறையை. சுறா எண்ணெய் வாடையை முகர்ந்தாள். முகம் மலர்ந்தது.

“எண்ணெய் போட்டபடியால்தானே வந்து சேர்ந்தனீங்கள்?”

“ஓம்” என்றேன்.