எடைச் சீட்டும் ஜவுளிப் பெட்டியும்

காரைக்குடி ஸ்டேஷனில் கடைகளுக்குக் காட்டும் ஜவுளி மாதிரிகள் அடங்கிய என் பெட்டியை மாதாமாதம் சுமந்தவர் ஒரு போர்ட்டர். பெயர் கேட்டதில்லை. ஒட்டிய வயிறு, சதை இறுகிய கைகள். சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, "தூக்கி விடுங்கய்யா" என்பார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தலைக்கு ஏற்றுவோம். அதன்பிறகு எல்லாம் அவர் பாடு.

தொப்பையைக் குறைக்க இரண்டு மாதம் வெறும் கஞ்சியோடு கிடந்துவிட்டு ஒருநாள் அங்கே இறங்கினேன். பிளாட்பார எடை மெஷின் தந்த சீட்டில் எட்டுக் கிலோ குறைந்திருந்தது. ஆனால் பெட்டி என் முழங்காலுக்கு மேல் எழவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வயிறு கொஞ்சந்தான் எறங்கியிருக்கு. கையில இருந்த சதையெல்லாம்ல போயிருச்சு. காய்ச்சல்ல கெடந்தீகளா?"

"இல்லப்பா. இளைக்கணும்னு பட்டினி கிடந்தேன்."

"வேணும்னேவா?" என்றார். சிரிக்கவில்லை. "அங்குட்டுக் கடையில ஏதாச்சும் சாப்பிட்டு வாங்கய்யா. எனக்குத் தூக்கி விட ஆளு வேணும்ல."

ஆறு இட்லி தின்றேன். அதுவரை அவர் பெட்டிமேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பெட்டியைத் தலைக்கு ஏற்றியபோதும், அவர் சாப்பிட்டாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.